யாருக்குத் தூக்கம் கெட்டது

அந்தத் திங்கட்கிழமை எங்கள் தெருவில் பாதிப்பேர் வேலைக்குத் தாமதமாகப் போனார்கள். ரொட்டிக்கடையில் அடுப்பு மூட்டும்போது ஆறரை. முதல் பஸ்ஸின் டிரைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினார். ஆஸ்பத்திரி ஆயா வாசலில் நின்று, "இது மழை இருட்டா, இன்னும் விடியலையா" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டாள். சர்ச்சில் காலை ஐந்துக்கு அடிக்கும் மணி அன்று அடிக்கவில்லை. எங்கள் தெருவில் யாரும் அலாரம் வைத்துக்கொண்டதில்லை. இருபத்தாறு வருடமாக ஒரு மனிதர் தவறாமல் அடித்துக்கொண்டிருந்தார், அது போதுமானதாக இருந்தது.

ஏழு மணிக்கு மேல் யாரோ போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சர்ச் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "விருந்தினரின் ஓய்வு கருதி, முகாம் முடியும்வரை காலை மணி நிறுத்தப்படுகிறது."

முகாம் என்றால் படக்காரர்களின் முகாம். புதிதாக வந்திருந்த போதகர் இளைஞர், நல்ல மனசுக்காரர். நல்ல மனசுக்காரர்களால் அடுத்தவருக்கு வரும் அத்தனை தொந்தரவும் அவராலும் வந்தது. விருந்தினர் அறைகள் மாடியில் சும்மா கிடக்கின்றன, மூன்று கலைஞர்களை அழைத்து எட்டு வாரம் தங்கவைத்துச் சாப்பாடு போட்டால் அவர்கள் நிம்மதியாக வேலை செய்வார்கள், கடைசி நாளில் செய்ததையெல்லாம் கூடத்தில் வைத்துக் காட்டட்டும் என்றார். வேதாகமப் படம்தான் வரைய வேண்டும் என்று நிபந்தனை உண்டா என்று கமிட்டிச் செயலாளர் கேட்டார். நிபந்தனையே இல்லை என்றார் போதகர். செயலாளருக்கு அன்று போன தூக்கம் திரும்பி வரவே இல்லை.

சாப்பாடு போடும் பொறுப்பு கறாரக்காவின் தலையில் விழுந்தது. கோயில்பிள்ளையின் மனைவி அவள். கோயில்பிள்ளை என்றால் சர்ச்சைத் திறந்து பூட்டுவது, கூட்டிப் பெருக்குவது, பெஞ்சு துடைப்பது, மணி அடிப்பது. அந்த வேலைக்காக மணிக்கூண்டின் பின்னால் இரண்டு அறையும் ஒரு நடையும் கொண்ட வீடு கொடுத்திருந்தார்கள். அக்கா எதையும் நேருக்கு நேர் கேட்டுவிடுவாள், கேட்டதற்குப் பதில் வரும்வரை இடத்தை விட்டு நகரமாட்டாள், அதனால் அந்தப் பெயர். இங்கே நான் சொல்வதில் பாதி, அவள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் அம்மாவிடம் பொரிந்து தள்ளியது. மீதியைத் தெருவே பார்த்தது.

மணி நின்றதில் அவளுக்கு முதலில் வருத்தமில்லை. நாலரைக்குப் புருஷன் எழுந்து போனால் கதவு கிரீச்சிடும், அது இனி இராது என்று நினைத்தாள். அந்த நிம்மதி ஒருநாள்கூட நிற்கவில்லை. மணி அடிக்கப் போகாவிட்டாலும் அவர் நாலரைக்கு எழுந்துவிட்டார். எழுந்து, சபைச் சமையலறையில் அவள் அடுப்பு பற்றவைக்கும்போது கூடவே வந்து மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"வெங்காயத்தை இவ்வளவு மெல்லிசா வெட்டினா கருகிடும்."

"இருபத்தெட்டு வருஷமா வெட்டறேன். கருகினதைத் தின்னுதான் இவ்வளவு தெம்பா உட்கார்ந்து பேசறீங்க."

"சொன்னேன், அவ்வளவுதான்."

"சொல்லாதீங்க. மேல் தட்டுல இருக்கிற பெரிய சட்டிய இறக்கிக் குடுங்க."

"ஸ்டூல் அங்கதான இருக்கு. நீயே எடுத்துக்கயேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அவர் கீழேயிருந்து, "பாத்து, பாத்து, அந்தக் கால் ஆடுது" என்றார்.

"ஆடுதுன்னு தெரியுதுல்ல, வந்து பிடிச்சா என்ன?"

அவர் வந்து இடது கையால் ஸ்டூலைத் தொட்டபடி நின்றார். மணி அடிக்காத மனுஷனுக்கு உடம்பு எதற்கு இருக்கிறதென்றே மறந்துவிடும் போலிருக்கிறது என்று அவள் என் அம்மாவிடம் சொன்னாள். பாத்திரம் கழுவினால் தண்ணீர் வீணாகிறது என்பார். துணி காயப்போட்டால் மழை வரும் என்பார். அந்த மாதம் மழை தினமும் வந்தது, ஆகவே தினமும் அவர் சொன்னது பலித்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

படக்காரர்கள் பாடு வேறு. மூன்று பேருக்கும் அக்காவே பெயர் வைத்தாள். கல்லுக்காரர் சமையலறைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் மாடு படுத்த அளவுக்கு ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு காலை முதல் உளியால் தட்டினார். அந்தத் தூள் சமையலறைக்குள் வந்து மாவு ஜாடி வரைக்கும் படிந்தது. நூல்காரி இளம் பெண். கட்டுக் கட்டாக நூலுக்குச் சாயம் ஏற்றி மாடி வராந்தா முழுக்கத் தொங்கவிட்டாள். அந்த ஈரத்தில் அது காயவும் இல்லை, அவள் எடுக்கவும் இல்லை, மாடிக்குப் போகிறவர்கள் குனிந்தே போனார்கள். ஒருநாள், "ஒரே ஒரு தடவைக்கா" என்று கெஞ்சி அக்காவின் பெரிய சட்டியை வாங்கிக்கொண்டு போய் அதில் நீலச் சாயம் காய்ச்சினாள். அக்கா சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்தாள். மறுநாள் வேகவைத்த உருளைக்கிழங்கு வெளிர் நீலத்தில் வந்தது.

"இலைச் சாயம்தாங்க்கா, உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது" என்றாள் நூல்காரி.

கல்லுக்காரர் கிழங்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "என்ன அழகா இருக்கு" என்றார். மூன்று பேரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். அக்கா கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் மழையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

மூன்றாவது ஆள் கரியம்மா. அறுபது வயது இருக்கும், நரைத்த தலையை ஆண்பிள்ளைபோல வெட்டியிருப்பார். கரித்துண்டால் மட்டுமே வரைவார். கதவுப்பிடி, விளக்குச் சுவிட்சு, துவாலை, ரொட்டி வெட்டும் கத்தி என்று அவர் தொட்ட இடமெல்லாம் கறுப்பு விரல்கள். யார் எங்கே வேலை செய்தாலும் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எதுவும் பேசமாட்டார். "என்ன வரைய வேண்டாம்" என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள். கரியம்மா தலையாட்டிவிட்டு அவள் முதுகை வரைந்தார்.

இதையெல்லாம் அக்கா பொறுத்துக்கொண்டதே எட்டு வாரம்தானே என்ற எண்ணத்தில்தான். நான்காவது வாரம் செயலாளர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். முகாம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வருவதாகச் சொல்லித்தான் எப்போதும் வருவார், வரும் நேரம் சாப்பாட்டு நேரமாக இருக்கும். சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி சொன்னார்.

"மணி நின்னு மூணு வாரம் ஆகப்போகுதும்மா. பாத்தீங்களா, ஒருத்தரும் செத்துப் போகல."

"ரொட்டிக்கடைக்காரர் தினமும் என்னை வந்து திட்டிட்டுப் போறார், சார்."

"அவர் ஒரு கடிகாரம் வாங்கட்டும். கமிட்டில ஒரு யோசனை ஓடுது. கரண்டு மணி ஒண்ணு போட்டுட்டா, அதுவா அடிக்கும், அதுவா நிக்கும். ஞாயித்துக்கிழமை ஆராதனை மணிய பாட்டுக்குழுப் பசங்க அடிக்கறாங்களே, அதுவும் வேண்டாம். ஆள் வந்து கூண்டை அளந்துட்டுப் போயாச்சு."

"அப்ப இவரு?"

"அவருக்கும் வயசாகுதுல்ல. பெருக்கறதுக்கு யாரையாவது மணிக்கணக்குல வச்சுக்கலாம். பின்னாடி வீட்டைக் கொஞ்சம் சுத்தம் பண்ணினா அடுத்த வருஷ முகாமுக்கு இன்னும் ரெண்டு பேரத் தங்கவைக்கலாம்னு ஒரு பேச்சு. முடிவெல்லாம் ஆகல. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

அவர் கிண்ணத்தை நீட்டினார், இன்னும் கொஞ்சம் சூப்புக்காக. அக்கா ஊற்றினாள். வீட்டைச் சுத்தம் பண்ணுவதென்றால் அவளையும் அவள் புருஷனையும் தையல்கடைக்குப் போய்வரும் மகளையும் சுத்தம் பண்ணுவது என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். கோயில்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா நான் சொன்னத?"

"கேட்டேன்."

"போய்ப் போதகர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. இத்தன வருஷம் அடிச்சிருக்கீங்க."

"பேசி என்ன ஆகப்போகுது. கர்த்தர் வேற வழி காட்டுவார்."

"அவர் காட்டுவார். நீங்க பாக்கணும்ல? நீங்கதான் ஜன்னலையே பாத்துட்டு இருக்கீங்களே."

அக்காவுக்குக் கோபம் புருஷன் மேலிருந்து தாவிப் படக்காரர்கள் மேல் போனது. யாரோ ஒரு மகராசன் மகராசி, ஐந்து மணிக்குத் தூக்கம் கெடுகிறது என்று வாய் திறந்ததால் வந்த வினை இது. அது யார் என்று தெரிந்தாக வேண்டும். அந்த ஆள் போய்ப் போதகரிடம், எனக்கு மணியால் தொந்தரவில்லை என்று சொல்லிவிட்டால் மணியும் பிழைக்கும், வீடும் பிழைக்கும்.

முதலில் நூல்காரியைப் பிடித்தாள். வராந்தாவில் குனிந்து குனிந்து போய் ஒரு மஞ்சள் நூல் கட்டுக்குப் பின்னால் அவளைக் கண்டாள்.

"உண்மையைச் சொல்லும்மா. மணி அடிக்குதுன்னு ஐயாகிட்ட நீயா போய்ச் சொன்னது?"

"நானா? அக்கா, அஞ்சுக்கு எழுந்து நூலை ஊற வைக்கணும்னு நான் அந்த மணியத்தான் நம்பியிருந்தேன். நிறுத்தின அன்னிக்கு ஒரு கட்டு நூல் வீணாச்சு. நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஏன் சொல்றேன்?"

"காலைல எழுந்தா கோவமா இருக்கீங்களேன்னு."

அக்கா கொட்டகைக்குப் போனாள். கல்லுக்காரர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தட்டினாள்.

"மணியா? எந்த மணி?"

"தெனமும் காலைல அடிச்சதே. முதல் வாரம் பூராவும்."

அவர் துணியை இறக்கிவிட்டுச் சிரித்தார். "முப்பது வருஷம் கல்லு தட்டினதுல எனக்கு இந்தக் காது போயிடுச்சு, அந்தக் காது பாதிதான். தலைமாட்டுல வெடி வச்சாலும் எழுந்திருக்க மாட்டேன். இங்க மணி இருக்கா?"

மிச்சம் கரியம்மா. அக்கா படியேறும்போதே பேசவேண்டியதை வரிசையாக அடுக்கிக்கொண்டாள். வயசில் பெரியவர், ஆனாலும் விடக்கூடாது. அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரெல்லாம் தாள்கள், தரையிலும் தாள்கள், ஈரத்தில் ஓரம் சுருண்டிருந்தன. எல்லாத் தாள்களிலும் அவள் புருஷன்.

பெருக்கிக்கொண்டிருந்தார், பெஞ்சு துடைத்தார், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பூட்டுப் போட்டார். நாற்பது தாளுக்குக் குறையாது. அக்கா கேட்க வந்ததை மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உட்காருங்க" என்றார் கரியம்மா. "அவருக்கு அந்தக் கை எப்பலேர்ந்து இப்படி?"

"எந்தக் கை?"

கரியம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எழுந்து ஒவ்வொரு தாளாகத் தொட்டுக் காட்டினார். துடைப்பம் இடது கையில். பூட்டு இடது கையில். டீ கிளாஸ் இடது கையில். வலது கை எல்லாப் படத்திலும் தொடைமேல் கிடந்தது, அல்லது சட்டைப் பையில் கட்டைவிரலை மாட்டிக்கொண்டு தொங்கியது.

"அவரு வலது கைக்காரர்" என்றாள் அக்கா.

"தெரியும். பூட்டுக்குச் சாவி போடறப்ப முதல்ல வலது கைதான் கிளம்பும். பாதி வழில நிக்கும். அப்புறம் இடது கை வரும்." கரியம்மா ஒரு பெரிய அட்டையிலிருந்து ஒரு தாளை உருவினார். "இது முதல் வாரம் வரைஞ்சது. மணி நிறுத்தறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. நான் கூண்டுக்குள்ள இருந்தது அவருக்குத் தெரியாது."

மணிக்கயிறு மேலிருந்து கறுப்பாக இறங்கி அவர் இடுப்பைச் சுற்றியிருந்தது. இடது கையால் அதைப் பற்றிக்கொண்டு, கையால் இழுக்காமல், உடம்பையே கீழே போட்டுத் தொங்கினார். முட்டி இரண்டும் தரையை நோக்கி மடிந்திருந்தன. வலது தோள் காதுவரைக்கும் ஏறியிருந்தது. முகம் பக்கவாட்டில் திரும்பி, கண் மூடி, வாய் திறந்து கிடந்தது. அந்த வாயிலிருந்து சத்தம் வந்திருக்கும், மணிச்சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

இருபத்தெட்டு வருடத்தில் அந்த முகத்தை அக்கா பார்த்ததில்லை. அவளுடைய இரண்டு பிரசவத்தில் ஒன்றில் குழந்தை செத்துப் பிறந்தது. அன்றுகூட அவர் முகம் இப்படி இல்லை.

"இதுதான் நான் இங்க போட்டதுலயே நல்ல படம்" என்றார் கரியம்மா. "கடைசி நாள் இத வைக்கலாம்னு இருக்கேன்."

"வைக்கக் கூடாது."

"சரி."

"கமிட்டி பூராவும் வருவாங்க. இதப் பாத்தா அவ்வளவுதான். கிழிச்சுடுங்க."

கரியம்மா தாளை அவள் கையில் கொடுத்தார். "நான் வைக்கலங்க. ஆனா கிழிக்கறதுன்னா நீங்களே கிழிங்க."

அக்கா வாங்கிக்கொண்டாள். கிழிக்கவில்லை. சுருட்டினால் கரி ஒட்டும் என்று கரியம்மா சொல்ல, நடுவில் ஒரு மெல்லிய தாளை வைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராகப் போதகர் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, மணியை நிறுத்தச் சொன்னது யாரு?"

போதகர் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார். "அக்கா, உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். பாவம், விருந்தாளிங்களுக்குத் தூக்கம் கெடுது, கேக்க வெக்கப்படறாங்க, முகாம் முடியற வரைக்கும் நிறுத்திடலாம்னு. எவ்வளவு பெரிய மனசுன்னு நானே கமிட்டில சொன்னேன்."

"பெரிய மனசுதான்" என்றாள் அக்கா.

அவள் வீட்டுக்குள் போனபோது மகள் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கோயில்பிள்ளை அதே கட்டிலில் இருந்தார். அக்கா தாளை அவர் முன்னால் விரித்தாள்.

அவர் பார்த்தார். நிமிரவில்லை.

"எத்தன நாளா?"

"ஏழு மாசம்."

"ஏழு மாசம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "எப்படி?"

"பெரிய பெஞ்சை நகர்த்தினேன்ல, வெள்ளையடிக்கறப்ப. அப்ப ஏதோ அறுந்த மாதிரி இருந்துச்சு. சரியாயிடும்னு பாத்தேன்."

"டாக்டர்?"

"டாக்டர்கிட்ட போனா சீட்டு எழுதுவார். சீட்டு எழுதினா கமிட்டிக்குத் தெரியும். கை இல்லாத கோயில்பிள்ளைய எதுக்கு வச்சுப்பாங்க?"

"அதனால படக்காரங்க மேல பழியப் போட்டீங்க."

"முகாம் முடியற வரைக்கும் ஓய்வு குடுத்தா கூடிடும்னு நெனச்சேன். யாருக்கும் நஷ்டமில்லையேன்னு."

"நஷ்டமில்லையா? இப்ப வீடே போகப்போகுது. மூணு வாரமா நான் அந்த மூணு பேரையும் மனசுக்குள்ள திட்டித் தீத்திருக்கேன். அந்தப் பொண்ணுக்கு வேணும்னே ஆறின டீ குடுத்திருக்கேன்." அவள் தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள். "என்கிட்ட சொல்றதுக்கு என்ன வந்துச்சு?"

"சொன்னா நீ விடமாட்ட. அன்னிக்கே போய்க் கமிட்டிய ஒரு கை பாத்திருப்ப."

"பாத்திருப்பேன்தான்."

"அதான் சொல்லல."

"ஸ்டூல்ல ஏறி நான் விழுந்து செத்திருந்தா அப்ப சொல்லியிருப்பீங்களா?"

மகள் துவாலையோடு வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். படத்தை ஒருமுறை பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. அந்த மணிய அடிக்க வலது கை வேணும், இடது கை வேணும், கொஞ்சம் எடை வேணும். அவ்வளவுதான? அம்மாகிட்ட மூணும் இருக்கு."

"உங்கம்மாவா?" என்றார் அவர். "அதுக்கு ஒரு பக்குவம் வேணும்."

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. விடியலில் தூறல். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருவரும் மணிக்கூண்டுக்குள் போனார்கள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கமிட்டி கூடும், கமிட்டி கூடினால் டீ போட வேண்டும் என்றாள் அக்கா. ஞாயிறு தவிர மூன்று வாரமாகக் கை படாத கயிறு ஈரத்தில் விறைத்திருந்தது. அவள் பற்றி இழுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"முதல் இழுப்புல சத்தம் வராது. அது ஆடணும். கீழ இழு, மேல போறப்ப விட்டுடு."

அவள் மறுபடி இழுத்தாள், விடவில்லை. கயிறு அவளையும் சேர்த்து மேலே தூக்கியது. ஒரு செருப்பு கழன்று விழுந்தது.

"விடு, விடுன்னேன்ல. அதுவா போகும், அதுவா வரும்."

"காதுக்குள்ள கத்தாதீங்க."

"இன்னும் கொஞ்சம் கீழ பிடி. இடுப்பக் குடு. இப்ப, இப்ப."

முதல் அடி விழுந்தது. எங்கள் வீட்டில் என் அம்மா எழுந்து உட்கார்ந்து, "இது அவர் அடிக்கிறதில்லையே" என்றாள். இருபத்தோரு அடி அடிக்க வேண்டும். பதினாலு கேட்டது. அதில் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது, ஒன்று பாதியில் நின்றது. ஆனாலும் தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

செயலாளர் குடை பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். போதகர் போர்வையோடு வந்தார். மாடியிலிருந்து நூல்காரியும் கரியம்மாவும் இறங்கினார்கள். கல்லுக்காரர் தரை அதிர்ந்ததாகச் சொல்லிக்கொண்டு கடைசியாக வந்தார்.

"யாரு அடிக்கச் சொன்னது?" என்றார் செயலாளர். "விருந்தாளிங்களுக்கு..."

"விருந்தாளிங்க இங்கதான் நிக்கறாங்க, அவங்களையே கேளுங்க சார்" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது, உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. "யாருக்கும் தூக்கம் கெடல. இவருக்குத் தோள் போயிடுச்சு. சர்ச் பெஞ்சை நகர்த்தித்தான் போச்சு. சொல்ல பயந்துக்கிட்டு ஏழு மாசம் ஒத்தக் கையில அடிச்சார். முடியலன்னதும் பொய் சொன்னார். சொன்னது தப்பு, நானே சொல்றேன். இனிமே மணி நான் அடிக்கிறேன். இப்ப கேவலமா அடிச்சேன், ஒரு வாரத்துல சரியா அடிப்பேன். கூண்டுக்குக் கரண்டு வேண்டாம்."

"ஏழு மாசமா கமிட்டிய ஏமாத்திருக்கார்" என்றார் செயலாளர்.

"ஏழு மாசமா நாமதான் பாக்கலை, சார்" என்றார் போதகர். "பெரிய மனசுன்னு நான் கைதட்டிட்டு இருந்தேன்." அவர் கோயில்பிள்ளையின் பக்கம் திரும்பினார், தன் போர்வையை எடுத்து அவர்மேல் போர்த்தினார். மழைக்கா மரியாதைக்கா என்று யாருக்கும் விளங்கவில்லை.

கமிட்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசியது. டாக்டர் பார்த்துவிட்டு, தோளில் தசை கிழிந்து ரொம்ப நாளாகிவிட்டது, பயிற்சி செய்தால் வலி குறையும், தலைக்கு மேலே கை இனி எழும்பாது என்றார். மணி வேலையை அக்கா பெயருக்கு எழுதினார்கள். திறப்பதும் பூட்டுவதும் பெருக்குவதும் அவருக்கு. வீடு அவர்களிடமே இருக்கும். கரண்டு மணி வேண்டாம் என்று எழுதும்போது "தற்போதைக்கு" என்ற சொல்லைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று செயலாளர் பிடிவாதம் பிடித்து, அதைச் சேர்த்தார்கள். அக்கா தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டாள். அடுத்த வருஷம் முகாம் வந்தால் சமையலுக்கு வேறு ஆள். அதற்கு மட்டும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

படத்தைப் பற்றிக் கரியம்மா மறுபடி ஒருநாள் வந்து கேட்டார். "என்னைக் கேக்காதீங்க, மூஞ்சி அவரோடது" என்றாள் அக்கா. கோயில்பிள்ளை அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"வைங்கம்மா. மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசா வந்திருக்கு."

"மூக்கு அப்படித்தான் இருக்கு" என்றார் கரியம்மா.

கடைசி நாள் கூடம் நிரம்பியது. எங்கள் தெரு மொத்தமும் போயிருந்தோம். கல்லுக்காரரின் கல் எட்டு வாரத்துக்குப் பிறகும் எங்களுக்குக் கல்லாகத்தான் தெரிந்தது. நூல்காரி கூரையிலிருந்து தரைவரை நீலமும் மஞ்சளுமாகத் தொங்கவிட்டிருந்தாள், பிள்ளைகள் அதற்குள் புகுந்து ஓடினார்கள். கரியம்மாவின் சுவரின் நடுவில் அந்தப் படம். ரொட்டிக்கடைக்காரர் அதன் முன்னால் வந்து நின்றார், தொப்பியைக் கழற்றினார், பிறகு நகர்ந்துபோனார்.

கோயில்பிள்ளை சலவைச் சட்டையோடு படத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். வேறு ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாள், கையில் குழந்தை, படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நிற்கிறவர்தான் அது என்று அவளுக்குத் தெரியாது. அக்கா டீத் தட்டோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"இந்த மனுஷனுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்" என்றாள் அந்த அம்மாள், பொதுவாக.

"ரொம்ப வலிக்கும்மா" என்றார் கோயில்பிள்ளை. "காலைல சட்டை மாட்டறப்பதான் உயிரே போகும். கைய உள்ள விடவே முடியாது. வீட்ல பாத்துடுவாங்கன்னு திரும்பி நின்னு மாட்டிக்குவேன். இன்னிக்கும் அப்படித்தான் மாட்டினேன்."

அக்கா நின்றுவிட்டாள். செயலாளர் ஒரு கிளாஸை எடுக்கக் கையை நீட்டினார். அவள் முழுத் தட்டையும் அவர் கையில் வைத்துவிட்டாள்.

"இத எல்லாருக்கும் குடுங்க சார்" என்றாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் புருஷன் பின்னால் போட்டாள்.

"உக்காருங்க."

"பரவாயில்ல, நிக்கறேன்."

"உக்காருங்கன்னா உக்காருங்க. ஏழு மாசம் எனக்குச் சொல்லாதத வழில போறவங்களுக்கு ஒரே மூச்சுல சொல்றீங்க. இப்ப எனக்கும் சொல்லுங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவர் எங்கே தொடங்குவது என்று யோசித்தார். அவள் காத்திருந்தாள்.